சம்பந்தியின் பேசும் கால்

என் சம்பந்தியின் இடது கால், தான் உடையப் போகும் செய்தியை முன்கூட்டியே என்னிடம் சொன்னது. வாய் திறந்து இல்லை, கோடு போட்டு. உலகத்தில் எத்தனையோ கோடிக் கால்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது இவ்வளவு பொறுப்பாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் காலுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான்.

இதை ஆரம்பித்தாலே என் மனைவி அடுத்த அறைக்குப் போய் எதையாவது மடித்து வைக்கத் தொடங்கிவிடுவாள். என் மகள், "அப்பா, மறுபடியுமா" என்பாள். பரவாயில்லை. நம்புகிறவர்களுக்குச் சொல்வதில் என்ன சுகம் இருக்கிறது? உப்பில்லாத சாப்பாடு மாதிரி.

முதலில் என்னைப் பற்றி. நான் ஓய்வு பெறும்வரை பார்த்த உத்தியோகம், உடைப்பது. இழைத் துணியையும் பிசினையும் அடுக்கடுக்காக வைத்து, அடுப்பில் சுட்டு, படகு, காற்றாலை இறக்கை, விமானத்துக் கதவு என்று செய்கிற தொழிற்சாலை அது. எல்லாரும் செய்வார்கள், நான் உடைப்பேன். எத்தனை பாரத்துக்கு உடைகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கென்று இரண்டு தாடையுள்ள ஓர் இயந்திரம் என் அறையில் இருந்தது. நான் உடைத்ததையெல்லாம் ஒட்டவைத்தால் ஒரு நகரமே கட்டலாம், குடியேறத்தான் ஆள் வராது. வீட்டில் டம்ளர் கை தவறினால்கூட என் மனைவி, "ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதீங்க" என்பாள்.

உடைத்து உடைத்து நான் கற்றது இரண்டு இழைகளின் குணம். கார்பன் இழை கறுப்பு, கம்பீரம், விறைப்பு. பாரத்தை ஏற்றினால் முகம் மாறாது. இன்னும் ஏற்றினாலும் மாறாது. பிறகு துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தம், அறையெல்லாம் கறுப்பு ஊசி. கண்ணாடி இழை அப்படி இல்லை. கனம், மலிவு, வளையும், முனகும், வெளுக்கும், சட்டைக்குள் புகுந்து அரிக்கும். ஆனால் பாதி கிழிந்த பிறகும் பிடித்துக்கொண்டு தொங்கும். கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போகிற ஆள். கண்ணாடி, ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு அதற்குப் பிறகும் பத்து வருஷம் வேலைக்கு வந்துகொண்டிருக்கிற ஆள்.

இனி சம்பந்தி. என் மகளின் மாமனார். காப்பீட்டுக் கம்பெனியில் சேதத்தை மதிப்பிடுகிற அதிகாரியாக இருந்தவர். எரிந்து கரியாகக் கிடக்கும் கடையின் நடுவில் நின்றுகொண்டு, "தீ பிடிச்சதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்பது அவருடைய தொழில். பெண் பார்க்க வந்த அன்றைக்கு, "என் பொண்ணு பொய்யே சொல்ல மாட்டா" என்றேன். "கூடவே இருந்து பாத்தீங்களா?" என்றார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. என் கதைகளை அளந்து பார்க்க இப்படி ஓர் ஆள் வாழ்நாள் முழுவதும் கிடைக்க வேண்டுமே.

அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. சாலையோரத்தில் யாருடைய நொறுங்கிய காரையோ படம் எடுத்துக்கொண்டிருந்தபோது இன்னொரு கார் வந்து இடித்துவிட்டது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே தன் விபத்தைத் தானே மதிப்பிட்டார். சாலைக்கு அரை அடி உள்ளே நின்ற குற்றத்துக்காக, தவறில் ஒரு பங்கு தன்மேலும் உண்டு என்று எழுதிக் கொடுத்தார். கம்பெனிக்காரர்களே, "விடுங்க சார், முழுசாவே வாங்கிக்குங்க" என்று காலில், அதாவது இருந்த காலில், விழாத குறையாகக் கெஞ்சினார்களாம். அவர் அசையவில்லை.

அவர் முதலில் போட்டிருந்தது முழுக்க முழுக்கக் கார்பனில் செய்த கால். வளைந்த கறுப்புப் பட்டை ஒன்று கணுக்காலாகி, பாதமாகி, தரையைத் தொடும். பளபளவென்று இருக்கும். அதற்காகவே கால்சட்டையை ஓர் அங்குலம் குட்டையாகத் தைத்துக்கொண்டவர் அவர். பேத்தி பிறந்து இரண்டு மாதம் இருக்கும், ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு, வீடு இருக்கும் மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தார். படீரென்று ஒரு சத்தம். கால் இரண்டாகப் போய்விட்டது. கைப்பிடியைப் பிடித்ததால் ஆள் தப்பினார். கையில் இருந்த முட்டைப் பைதான் தப்பவில்லை.

என் மகள் ஓடி வந்து பார்த்தாள். படிக்கட்டில் வழிந்த மஞ்சள் கருவைப் பார்த்தாள். மாமனாரைத் தூக்கி உட்காரவைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், துடைத்தாள். அன்று மாலை மிகவும் மரியாதையாக ஒரு சட்டம் போட்டாள்.

"மாமா, இனிமே பாப்பாவைத் தூக்கிட்டு நீங்க நடக்க வேண்டாம். உக்காந்து வெச்சுக்குங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் வெச்சுக்குங்க."

சம்பந்தி சரியென்று தலையாட்டினார். சாட்சியம் அவருக்கு எதிராகப் படியில் வழிந்திருந்தது.

நாங்கள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறோம். தினமும் மாலை அங்கே போய்விடுவோம். பேத்தியை நான் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, எதிரே இருக்கும் பூங்காவுக்குப் போவேன். சம்பந்தி வேறு ஒரு சாதாரணக் காலை மாட்டிக்கொண்டு, பால் புட்டியும் துண்டுமாகப் பின்னால் வருவார். "சம்பந்தி, கழுத்தைப் பிடிங்க." "சம்பந்தி, அந்தப் படி கொஞ்சம் தேஞ்சிருக்கு." நான் வேண்டுமென்றே பேத்தியை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, சீட்டியடித்தபடி இறங்குவேன். மனிதனுக்குச் சின்னச் சின்ன சந்தோஷங்கள் வேண்டாமா?

இப்படியே ஆறேழு மாதம் ஓடிய பிறகு, ஒரு நாள் பூங்கா பெஞ்சில் அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"இவளுக்கு எப்போ நடக்க வரும்?"

"சுவத்தைப் பிடிச்சுட்டு நிக்கறாளே. சீக்கிரம் வந்துடும்."

"நடக்க ஆரம்பிச்சுட்டா தூக்க விடமாட்டா." கொஞ்ச நேரம் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு தடவை சம்பந்தி. மேலேருந்து கீழ வரைக்கும். அதுக்கப்புறம் அவ நடந்துக்கட்டும்."

நான் சீட்டியடிப்பதை நிறுத்திவிட்டேன். மறுநாளே அவரை என் பழைய தொழிற்சாலைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே துணி அடுக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்கிற அம்மாவை எல்லாரும் அடுக்குக்காரம்மா என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் கயிற்றில் கத்தரிக்கோல் தொங்கும். அவர் அடுக்கியதை நான் உடைத்திருக்கிறேன், நான் உடைத்ததைப் பார்த்து அவர் என்னைத் திட்டியிருக்கிறார். நீண்ட நாள் நட்பு.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கார்பனோட கண்ணாடியும் கலந்து போட்டுடலாம்" என்றார்.

"கண்ணாடின்னா? ஜன்னல்ல இருக்கே, அதுவா?" என்றார் சம்பந்தி.

"அதேதான் சார். மெல்லிசா நூலா இழுத்தா குணம் மாறிடும்."

"அதெப்படி மாறும்?"

"இவரைக் கேளுங்க. இவர்தான் எல்லாத்தையும் இழுத்துப் பாத்தவர்."

"இவரைக் கேக்க முடியாதுன்னுதான் உங்களைக் கேக்கறேன்."

அடுக்குக்காரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேசைமேல் இரண்டு துணிகளை விரித்தார். ஒன்று வெள்ளை. மற்றொன்று கறுப்பு, தாளைவிட மெல்லியது.

"கார்பனை மட்டும் தடிமனா அடுக்கினா எல்லா இழையும் ஒண்ணா நிக்கும், ஒண்ணா விழும். உங்க பழைய கால் அப்படித்தான் போச்சு. இப்போ இந்த மெல்லிசுக் கார்பனை ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வெக்கறேன். விறைப்பு அது கொடுக்கும். தாங்க முடியாத பாரம் வந்தா, கார்பன் உள்ளுக்குள்ளயே துண்டு துண்டா விட்டுக்கொடுக்கும். பாரத்தைக் கண்ணாடி வாங்கிக்கும். கால் ஒரேடியா மடங்காது."

"உள்ள துண்டாச்சுன்னு வெளிய எப்படித் தெரியும்?"

"அங்கதான் சார் விஷயமே. மேல இருக்கற கண்ணாடி வழியா உள்ள கறுப்புத் தெரியும். அது துண்டான இடத்துல குறுக்க வெளிறிப்போய் ஒரு கோடு விழும். கணுக்கால் வளைவுக்குப் பின்பக்கம் பாருங்க, அங்கதான் இழுவிசை அதிகம். கோடு தெரிஞ்சா காலைக் கழட்டி வெச்சுட்டு எனக்குப் போன் பண்ணுங்க. கோட்டோட ஓடியாடக் கூடாது."

சம்பந்தி யோசித்தார். "கண்ணாடி வெளிய இருந்தா மீன்தொட்டி மாதிரி இருக்காதா?"

"கறுப்பாத்தான் சார் இருக்கும். கொஞ்சம் ஆழமான கறுப்பு."

ஆழமான கறுப்பு என்றதும் ஆள் மசிந்துவிட்டார்.

ஒரே துணியில், ஒரே நாளில், ஒரே அடுப்பில் இரண்டு கால்கள் செய்தார்கள். ஒன்று போட்டுக்கொள்ள, ஒன்று உடைத்துப் பார்க்க. அந்த இரண்டாவதற்கு எங்கள் தொழிலில் சாட்சி என்று பெயர். சம்பந்திக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று. "சாட்சியை நான் பாக்கலாமா?" என்றார். என் பழைய அறையில், இப்போது அங்கே வேலை பார்க்கிறவர் பெரிய மனது பண்ணி விலகிக்கொள்ள, பொத்தானை நானே அழுத்தினேன். தாடைகள் நெருங்கின. கால் வளைந்தது. டிக் என்று ஒரு சத்தம், கறுப்பில் வெளிறிய கோடு ஒன்று. மறுபடி டிக், இன்னொரு கோடு. கால் புலிக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. அப்போதும் மடங்கவில்லை. யானை ஏறி நின்று ஆடியிருந்தாலும் மடங்கியிருக்காது. ஏறி நிற்கச் சம்மதித்த யானைதான் கிடைக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன். அந்தக் கால்ல கோடு விழுந்துச்சு. இந்தக் கால்ல விழும்னு என்ன நிச்சயம்?"

"ரெண்டும் ஒரே அடுக்கு சம்பந்தி."

"ரெட்டைப் பிள்ளைங்க ரெண்டும் ஒரே மாதிரி பரீட்சை எழுதுதா?"

பதில் சொல்ல முடியாத கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலை எதிர்பார்ப்பது அவருடைய பழக்கம்.

புதுக் கால் வந்தது. மாட்டிக்கொண்டு கூடத்தில் நடந்து காட்டினார். என் மகள் பார்த்தாள், பிடித்திருந்தது. ஆனாலும் கறாராகச் சொன்னாள். "ஒரு மாசம் போகட்டும் மாமா. அப்பா தினமும் பின்பக்கம் பாத்துச் சொல்லட்டும். கோடு இல்லைன்னா அப்புறம் பாப்பாவைத் தூக்கிட்டு எறங்குங்க."

இப்படியாகத்தான் நான் தினமும் மாலை சம்பந்தியின் காலடியில் உட்காரும் ஏற்பாடு வந்தது. கணுக்காலின் பின்பக்கம் அவருக்கே தெரியாது. அவர் கட்டட வாசலில், வெளிச்சம் விழும் இடத்தில், கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பார். நான் பின்னால் மண்டியிட்டுக் குனிந்து, மூக்கு இடிக்கிற தூரத்தில் காலைப் பார்ப்பேன். பெண்ணைப் பெற்றவன், பையனைப் பெற்றவரின் காலடியில். கீழ்வீட்டு டீச்சர் இரண்டு நாள் இதைப் பார்த்துக்கொண்டே படியேறிப் போனார். மூன்றாம் நாள் என் மனைவியைத் தெருவில் நிறுத்தினார்.

"பொண்ணைக் கொடுத்த இடம் கொஞ்சம் கடுமை போலிருக்கே?"

"ஏன் டீச்சர்?"

"உங்க வீட்டுக்காரரை தினமும் கால்ல விழ வைக்கிறாரே. அதுவும் வாசல்ல."

என் மனைவி விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அவருக்கு அது தேவைதான் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் என்னைப் பார்க்கிற எல்லாருடைய கண்ணிலும் இரக்கம். சம்பந்தியைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை. நான் அதை ரசித்து, இன்னும் கொஞ்சம் தாழ்வாகக் குனிய ஆரம்பித்தேன்.

மாதம் முழுவதும் காலில் ஒரு கீறல்கூட இல்லை. எனக்கு அது சந்தோஷம். சம்பந்திக்கு அதுவே சந்தேகம்.

"கோடே விழலையே" என்றார் கடைசி வாரத்தில்.

"விழாம இருக்கறதுதானே நல்லது."

"விழ வேண்டிய நேரத்துல விழுமான்னு எப்படித் தெரியறது? இதுவரைக்கும் மணியே அடிக்காத அலாரத்தை நம்பிக் குழந்தையைத் தூக்கச் சொல்றீங்க."

"சும்மா இருங்க சம்பந்தி" என்றேன். அவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சம்பந்தி சலவைச் சட்டை போட்டிருந்தார். முகச்சவரம் இரண்டு தடவை செய்த மாதிரி இருந்தது. என் மனைவி என் போனையும் வாங்கிக்கொண்டு, படம் எடுக்கக் கீழே போய் நின்றுவிட்டாள். மருமகன் வெளியூரில். மாடிப்படி முகப்பில் நாங்கள் மூன்று பேர், பேத்தியோடு நான்கு. என் மகள் குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அது உடனே அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அவர் தடுக்கவில்லை. ஒரு கையால் குழந்தையை அணைத்து, மறுகையால் கைப்பிடியைப் பற்றி, அந்த மனிதர் நின்ற நிற்பு இருக்கிறதே, ராஜா பட்டாபிஷேகத்துக்குக்கூட அவ்வளவு நேராக நின்றிருக்க மாட்டார்.

"அப்பா, ஒரு தடவை பாத்துடுங்க" என்றாள் மகள்.

வழக்கம்போல மண்டியிட்டேன். படிக்கட்டில் வெளிச்சம் கம்மி, மேலே ஒரு சின்ன ஜன்னல் மட்டும்தான். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தேன். ஆழமான கறுப்பு. அதில், வளைவுக்குச் சற்று மேலே, குறுக்காக வெளிறிப்போய்...

விரலால் தடவிப் பார்த்தேன்.

"கோடு" என்றேன்.

"என்னப்பா?"

"கோடு விழுந்திருக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, முப்பது கோடு. காலே கோடாத்தான் இருக்கு."

முப்பது என்பது அந்த நிமிஷத்தில் நான் சொன்ன மிக அடக்கமான கணக்கு. ஆனால் என் மகள் குனிந்து பார்த்தபோது அவளுடைய நிழலே காலின்மேல் விழுந்தது. நகர்ந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"முப்பது எங்க இருக்குப்பா? எனக்கு ஒண்ணுகூடத் தெரியலையே."

"ஜன்னல் பக்கமா வந்து பாரு."

"அப்பா." அவள் குரல் தணிந்தது. "இன்னிக்கு ஒரு நாள் வேண்டாமே. மாமா எவ்வளவு நாளாக் காத்துட்டிருக்கார். உங்க வெளையாட்டை நாளைக்கு வெச்சுக்கலாம்."

"வெளையாட்டு இல்லம்மா. நான் பொய் சொல்வேனா?"

மகள் என்னைப் பார்த்தாள். குழந்தைகூட மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

சம்பந்தி திரும்பவே இல்லை. அவர் முதுகு மட்டும் தெரிந்தது. "தினமும் இவர்தானே தூக்கறார்" என்றார் மெதுவாக, சுவரிடம் சொல்கிற மாதிரி. "ஒரு நாள் நான் தூக்கினா பொறுக்காதா?"

எத்தனை ஆயிரம் பொருட்களை உடைத்தவன் நான். உடையக் கூடாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு அப்படி உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம் சம்பந்தி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

கீழேயிருந்து என் மனைவி, "எறங்கியாச்சா? கை வலிக்குது" என்று கூப்பிட்டாள்.

சம்பந்தி இடது காலை முதல் படிக்கு நீட்டினார். நீட்டிய கால் அந்தரத்தில் நின்றது. குழந்தை அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அதன் உச்சந்தலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காலைப் பின்னால் எடுத்து வைத்தார்.

"பாப்பாவை வாங்கிக்கோம்மா" என்றார்.

"மாமா, அப்பா சும்மா..."

"வாங்கிக்கோ."

அவள் வாங்கிக்கொண்டாள். அவர் கைப்பிடியைப் பிடித்தபடி மேல்படியில் உட்கார்ந்தார். காலைக் கட்டியிருந்த வாரை அவிழ்த்துக் கழற்றினார். கழற்றிய காலைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"காலைல நீ குளிக்கப் போனப்போ என் பழைய ஃபைல் எல்லாம் போட்ட பெட்டியை எடுத்துட்டு எறங்கினேன். பாப்பா மாதிரி நாலு பங்கு கனம் இருக்கும். ஒண்ணும் ஆகல. அப்புறம்..."

"அப்புறம்?"

"கடைசி மூணு படியையும் சேத்து ஒரேயடியாக் குதிச்சேன். பெட்டியோட. ரெண்டு தடவை."

என் மகள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கு மாமா?"

"மணி அடிக்குதான்னு பாக்கத்தான்." வாரைச் சுருட்டியபடி, "டிக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. பெட்டியோட பூட்டுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். நினைத்துக்கொண்டேன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நான் அவரைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்திருக்க வேண்டும். காலைச் சந்தேகப்பட்டு, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளக் காலையே கெடுத்துவைத்த மகானுபாவர் வேறு எங்கே கிடைப்பார்? ஆனால் சிரிப்பு வரவில்லை. என் மகள் அவர் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள். குழந்தையை மறுபடியும் அவர் மடியில் வைத்தாள்.

"அடுத்த கால் வரட்டும் மாமா. நீங்கதான் இவளை எறக்கணும். இவ நடந்தாலும் சரி, நடக்க விட மாட்டோம்."

அவர் தலையாட்டினார். குழந்தை மறுபடியும் பிடுங்கிவிட்ட மூக்குக்கண்ணாடியை மீட்டு மாட்டிக்கொண்டார். என் கை சும்மா இருக்குமா? கழற்றிவைத்த காலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன்.

"இப்போ சொல்லுங்க சம்பந்தி. கால் முன்கூட்டியே சொல்லுச்சா, இல்லையா?"

அவர் காலை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அழுக்கா என்று எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் சேதத்தைக் குறைத்துக் குறைத்தே எழுதிய மனிதர், விரலை ஒவ்வொரு கோட்டின்மேலும் வைத்து எண்ணினார்.

"சொல்லுச்சு" என்றார். "ஆனா மூணு கோடுதான்."